கிடாருக்குள் செருகிய கட்டை

ஸ்பிரிங்கக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். கிடார் ரிப்பேர் கடைக்காரி. அப்பனிடம் அடி வாங்கி வளர்ந்தவள். கூடவே அடி வாங்கிய தம்பி, அப்பன் போனதும் அந்தக் குணத்தை அப்படியே எடுத்துக்கொண்டான். மேடையில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பான். அவன் என்றால் அக்காவுக்கு உயிர்.

கிடாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒரு ரகம் பலகைமேல் படிந்து உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீட்டியிருக்கும் இரும்புக் கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும், அவ்வளவுதான். இன்னொன்று மிதக்கும். முன்னால் கம்பிகளும் பின்னால் ஸ்பிரிங்குகளும் இழுக்க, நடுவில் அந்தரத்தில் நிற்கும். அழுத்தினால் இறங்கும், தூக்கினால் ஏறும். கேட்க ஜோர்தான். ஆனால் ஒரு கம்பி அறுந்தால் மிச்ச ஐந்துக்கும் சுருதி போய்விடும்.

"நம்ம வீடு மாதிரி," என்பாள் அக்கா. "அப்பாவுக்கு ஒண்ணு அறுந்தா அத்தனை பேரும் காலி."

தம்பிக்கு மிதப்பதுதான் வேண்டும். வாசிக்கிறானா வெட்டுகிறானா என்று தெரியாத கை. மேடைக்கு மேடை கம்பி அறுந்தது. சுருதி போன ஆத்திரத்தில் ஒருநாள் டிரம்காரன் மூக்கை உடைத்தான். இன்னொரு தடவை கை நீட்டினால் வெளியே போகவேண்டியதுதான் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். பெற்ற மனம் பித்து என்பார்கள். வளர்த்த மனம் மட்டும் என்ன வாழ்ந்தது? அவனிடம் சொல்லாமல் பிரிட்ஜுக்குப் பின்னால் மரக்கட்டை ஒன்றைச் செருகி, மிதந்ததை உட்கார வைத்தாள்.

கச்சேரி முடிந்த கையோடு வந்தான். புருவம் பிளந்து ரத்தம் வழிந்தது. கடைசிப் பாட்டில் கைப்பிடியைத் தூக்கியிருக்கிறான், ஏறவில்லை. மூர்க்கமாக இழுத்ததில் அது ஒடிந்து முகத்தைக் கிழித்துவிட்டது.

"என்னடி பண்ணி வச்சே?"

கிடாரை ஓங்கி மேஜைமேல் இறக்கினான். அவள் இடது கை அங்கேதான் இருந்தது. விரல்கள் முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். மறுபடி கிடாரை ஓங்கியபோது அவள் வலது கையிலிருந்த ஸ்குரூடிரைவர் அவன் தொண்டையில் அழுந்தி நின்றது.

"கம்பி அறுந்துச்சா?" என்றாள்.

"அறுந்துச்சு."

"சுருதி போச்சா?"

"போகல... போகலக்கா."

கிடார் நழுவி விழுந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அப்பனும் இப்படித்தான், அடித்துவிட்டு அழுவான். அவளுக்கும் தாங்கவில்லை. ஆனாலும் ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"எந்திரிடா. இனிமே இந்தக் கடை வாசல மிதிக்காத."

வலது கையால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே நடந்தாள். விரல்களைப் பார்த்த நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். அப்பன் காலத்திலிருந்தே 'கீழே விழுந்துட்டேன்' என்று பழகிய வாய்.

"என் தம்பி அடிச்சான்," என்றாள்.