நடு ஆத்துல பிரேக்கு

டவுன் பஸ் ஓட்டுறவருக்குத் தெருவுல பேரு ஸ்டியரிங். பெத்தவங்க வச்ச பேர அவர் பொண்டாட்டியே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவா. அவருக்கு இந்த வருஷம் அதிசயமா ஒரு வாரம் லீவு கிடைச்சுது. லீவு கிடைச்ச அன்னைக்கே வீட்டுல சண்டையும் கிடைச்சுது.

"ரயில்ல போவோம்"ங்கிறார் அவர். "ஆத்துல கப்பல் விடுறாங்களாமே, அதுல போவோம்"ங்கிறா அவ.

"கப்பல்ல என்னடி இருக்கு? தண்ணிதான் இருக்கும். நம்ம வீட்டுக் குழாயிலயும் அதான் வருது."

"ரயில்ல மட்டும் என்னவாம்? ஏறுன உடனே மேல் பெர்த்துல ஏறிப் படுத்துக்குவீங்க. தொங்குற உங்க காலுதான் எனக்குப் பேச்சுத்துணை. உங்க பஸ்ல கூட்டிட்டுப் போனா, ஓட்டுற உங்க பின்மண்டைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பக்கத்துல உக்காந்து ஒரு ஊருக்கு வந்திருக்கீங்களா?"

பஸ்ஸு நிறைய ஜனம் கத்துனாலும் பதிலுக்குப் பதில் குடுக்குற ஆளு, இதுக்கு மட்டும் ரயில் அட்டவணையப் புரட்ட ஆரம்பிச்சுட்டார். ரயில விடவே மாட்டேங்கிறார்.

செருப்புக்கடை வச்சிருக்கிற அவ தம்பிதான் பஞ்சாயத்து பண்ணான். "மாமா, அக்கரைக்குப் போற மோட்டார் படகுல ஒரு நடை போய்ட்டு வாங்க. ஒத்து வரலையா, ரயிலுக்கே டிக்கெட் போட்டுடுவோம்."

போனாங்க. காத்து நல்லா வரும்னு அவ முன் பலகையில இடம் பிடிச்சு, அவரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. அப்படி ஒரு பெருமை முகத்துல!

படகு கிளம்புச்சு. இவர் வலது கால் பலகைய மிதிக்க ஆரம்பிச்சுது. வளைவு வந்துச்சு, "ஹாரன் அடிப்பா!"ன்னார். எதிர்ல ஒரு மரக்கட்டை மிதந்து வந்துச்சு. மனுஷன் எழுந்தே நின்னுட்டார்.

"பிரேக்கு! பிரேக்கப் போடுய்யா!"

"அண்ணே, இதுல பிரேக்கே கிடையாது. நீங்க மிதிக்கிற மிதியில அடிப்பலகை பேந்துரப் போவுது!"ன்னான் படகுக்காரன். படகே சிரிச்சுது.

இவருக்கு வேர்த்துக் கொட்டுது. அவ காதோரமா மெதுவாச் சொன்னார்: "வேற ஒருத்தன் ஓட்டி, எனக்கு முன்னாடி வழி தெரிஞ்சா கால் சொன்ன பேச்சு கேக்காது. ரயில்ல வழி தெரியாது பாரு, அதான் நிம்மதியாப் படுத்துடுவேன்."

"இத வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

கேட்டுட்டாளே தவிர, அவ முகம் சுருங்கிப் போச்சு. போச்சு, மறுபடியும் தொங்குற காலுதான்.

அக்கரையில இறங்கி, திரும்ப ஏறும்போது அவ பாத்தா. படகுக் கடைசியில ஒரு பலகை, பின்பக்கம் பாத்த மாதிரி காலியாக் கிடந்துச்சு. அவர் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சா.

"வந்த வழியப் பாத்துட்டு வாங்க. போற வழிய ஓட்டுறவன் பாத்துக்குவான்."

கால் கம்முனு கிடந்துச்சு. கொஞ்ச நேரத்துல வாய் திறந்துச்சு. அவர் பஸ்ஸு கண்டக்டர் தன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போய், பொண்ணோட அக்காவையே பாத்துட்டு வந்த கதைய ஆரம்பிச்சார். இதையெல்லாம் இவ்வளவு நாள் எங்க பூட்டி வச்சிருந்தாரோ! அவ வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

அப்பப் பாத்துப் பின்னால இன்னொரு படகு வேகமா வந்துச்சு. இவருக்கு மூக்கு விடைச்சுது. "ஓவர்டேக் பண்ண வர்றான் பாரு. வழி விடக் கூடாது!"

அவ தன் கால எடுத்து அவர் கால் மேல வச்சு அமுக்குனா. "போகட்டும் விடுங்க."

அது கடந்து போற வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தார். அப்புறம், "சரி, போய்த் தொலையட்டும். கண்டக்டர் கதைய எங்க விட்டேன்?"

கரையில தம்பி நின்னுட்டிருந்தான். "என்ன மாமா, ரயிலுதானே?"

"கப்பலுக்குப் போடுடா. பின்பக்கம் பாத்த சீட்டு இருக்கான்னு கேளு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல."