கிளச்சு இல்லாத லாரி

என் இடது முழங்கால் மடங்காது. வத்தலக்குண்டு சாலையில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜாக்கி சரிந்து லாரி காலில் இறங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், மடங்க வைக்கத்தான் முடியவில்லை. கிளச்சை மிதிக்க முடியாதவனிடம் எந்த முதலாளி சாவியைக் கொடுப்பான்? திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு லாரி ஷெட் வாசலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்ட ஆரம்பித்தேன். நேற்றுவரை என்னோடு ஒரே பெஞ்சில் டீ குடித்த டிரைவர்கள், டியூபை என் முன்னால் போட்டுவிட்டுப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து பேசிச் சிரித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் பேச அவர்களுக்கு விஷயம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சும் காலோடு நின்றது. வாடகை அறையில் நானே சோறாக்கி, நானே தின்று, நானே பாத்திரம் கழுவினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சின்ன லாரி வந்தது. கொடைக்கானலில் இருந்த ஓர் அமெரிக்கப் பாதிரியார் ஊர் திரும்பும்போது விற்றது. அதை வாங்கியவர் எங்கள் தெருவில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கும் கடை முதலாளி. வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். கிளச்சு கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள குச்சியை ‘டி’ என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டால் போதும், கியர் தானாக மாறிக்கொள்ளும். நல்ல நல்ல டிரைவர்கள் எல்லாம் அதில் ஏறிவிட்டு ஓடினார்கள். பழக்க தோஷத்தில் அவர்கள் இடது கால் இல்லாத கிளச்சைத் தேடி பிரேக்கை மிதித்துவிடும். மூட்டையும் முதலாளியும் ஒன்றாக முன்னால் வந்து விழுவார்கள். முதலாளிக்கோ ஓட்டத் தெரியாது. இளவயதில் யாருடைய லாரியிலோ ஏறிப் பழகப் போய், கிளச்சை வெடுக்கென்று விட்டு ஒரு சுவரை இடித்தவர். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

என் இடது கால் எதையும் தேடாது. ஒருநாள் அவரே வந்து கேட்டார். “ஏப்பா, இந்தச் சனியன ஓட்டிப் பாக்குறியா?”

ஓட்டினேன். நான் மறுபடியும் டிரைவர் ஆனேன்.

தனிமை போய்விட்டது என்று சொன்னால் பொய். எதிரே வரும் லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொள்வது வழக்கம். நான் உட்காருவது ஓரத்துப் பக்கம். அவர்கள் டிரைவர் என்று நினைத்துக் கை காட்டியது என் வலப்பக்கம் இருந்த முதலாளிக்கு. அவரும் மகாராஜா மாதிரி பதிலுக்குக் கை காட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் குஜிலியம்பாறைச் சாலையில் பொட்டல் நடுவே அந்த எஞ்சினின் உறுமலைக் கேட்டுக்கொண்டு போகும்போது, நான் ஓர் ஆள் என்ற நினைப்பு இருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

ஓடுகிற வண்டியைச் சும்மா விட நம் ஆட்களுக்குக் கை வராது. கியர் எண்ணெய் மாற்றி வருஷக்கணக்காகியிருக்கும் என்று யாரோ முதலாளியின் காதில் போட்டார்கள். ஷெட் மேஸ்திரி கெட்டிக்காரர். பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்தார். பாதிரியார் வண்டியோடு விட்டுப்போன டின்களில் இருந்த சிவப்பு எண்ணெயை ஊற்றி, அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். சரியாகக் கோடுவரை இருந்தது. டின்களில் பாதிக்கு மேல் மிச்சம்.

“வெள்ளக்காரன் தாராளமா வச்சுட்டுப் போயிருக்கான்,” என்றார்.

மறுநாள் எரியோட்டைத் தாண்டி ஒரு சின்ன மேடு. எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. செத்தது போல் நின்று, பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்தது மாதிரி ஒரு குதி குதித்தது. சூடு ஏற ஏற மோசமானது. நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கோடுவரை இருந்தது. ஷெட்டுக்குத் திரும்பியதும் மேஸ்திரி பார்த்தார், அப்போதும் இருந்தது. குச்சியிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகும் கம்பியை இழுத்து முடுக்கினார். ஒன்றும் மாறவில்லை. மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். “உள்ளாற கியரப் பிடிக்கிற பட்டை தேஞ்சு போச்சு மொதலாளி. சாமான் அமெரிக்காவுலருந்துதான் வரணும்.”

விற்றுவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார். அந்த லாரி போனால் திண்டுக்கல்லில் நான் ஓட்டக்கூடிய வண்டி வேறு கிடையாது. மறுபடி பஞ்சர், மறுபடி அந்த வாசல்.

குஜிலியம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர், கிணற்றில் தண்ணீர் இறைக்க எஞ்சின் மட்டும் வேண்டும் என்று பார்க்க வந்தார். பானெட்டைத் தூக்கிக்கொண்டே தன் கிணற்றுக் கதையைச் சொன்னார். “போன கோடையில காலைல பாத்தா தண்ணி நெறஞ்சு நிக்கும். எஞ்சினப் போட்ட செத்த நேரத்துல காத்த இழுத்துக்கிட்டுக் கத்தும். நிறுத்திட்டுப் பாத்தா மறுபடி ஊறி நிக்கும். இப்ப ஆழம் வெட்டியாச்சு, அதான் பெரிய எஞ்சினாத் தேடுறேன்.”

சந்தைக்கு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். நாங்களும் நிறுத்திவிட்டுத்தானே பார்க்கிறோம்? எந்த லாரிக்கும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் எண்ணெய் அளவு பார்ப்போம். பிறந்ததிலிருந்து பழகிய வழக்கம். இதிலும் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் எங்கோ மேலே ஏறிக்கொண்டு, அடியில் ஒன்றும் இல்லாமல் போனால்?

ஓடவிட்டு, குச்சியை எல்லா எழுத்துக்கும் தள்ளிப் பார்த்துவிட்டு அளக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. பிரேக்கை அழுத்திக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். எனக்குக் கூப்பிட ஆள் இல்லை. மேஸ்திரியிடம் போனால் சிரிப்பார். முதலாளியிடமே போனேன்.

“மொதலாளி, செத்த நேரம் ஏறி உக்காந்து பிரேக்க மட்டும் அமுக்கிப் பிடிங்க.”

“ஏலே, நானா? எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா.”

“ஓட்ட வேணாம். அமுக்குனா போதும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பயந்தபடி ஏறினார். எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தோம். அவரையே குச்சியை ஒவ்வோர் எழுத்துக்கும் தள்ளிவிட்டு, எந்தக் கியரும் விழாத ‘என்’ எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் கம்பியை உருவினேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை. வெள்ளைக்காரன் தாராளமாக வைத்துவிட்டுப் போகவில்லை. வேண்டியதைத்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான். மிச்சமிருந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊற்றி அளந்தேன். கோடு வந்தது. பானெட்டை மூடிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“இப்ப ‘டி’ல போட்டு, பிரேக்க மெல்ல விடுங்க.”

லாரி ஒரு பிசிறில்லாமல் நகர்ந்தது. ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முதலாளி தானே ஓட்டிக்கொண்டு போனார்.

“ஏலே, ஓடுதுப்பா! நான் ஓட்டுறேம்ப்பா!”

இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கால் உடைந்த பிறகு என்னை யாரும் கட்டிக்கொண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை பிழைத்தது என்று நினைத்தேன்.

சொன்னபடி வந்த விவசாயியைத் திருப்பி அனுப்பியதும் முதலாளி கேட்டார். “இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கட்டா?” அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பிறகு ஊர் எல்லைவரை. பிறகு எரியோடுவரை. நொண்டிக் காலுக்குச் சுலபமான வண்டி எல்லாக் காலுக்கும் சுலபம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கிய அன்று லட்டு கொடுத்துவிட்டுச் சொன்னார். “நீ எதுக்கு அந்தக் கால வச்சுக்கிட்டு வெயில்ல அலையணும் அப்பு? கடையில ஒக்காந்து தராசப் பாத்துக்க.” சம்பளத்தையும் குறைக்கவில்லை. மனதாரச் செய்த நல்லது. அதனாலேயே என்னால் திட்டவும் முடியவில்லை.

ஒரு வேலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். அந்த எண்ணெய் அளவைத் தனியாளாகப் பார்க்க முடியாதே. அவர் உள்ளே பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பார். நான் பானெட்டைத் தூக்கி, கம்பியை உருவி, துடைத்து, திரும்ப நுழைத்துப் பார்ப்பேன்.

“இருக்கா?”

“இருக்கு மொதலாளி.”

“அப்ப செத்த தள்ளி நில்லுப்பா, வண்டிய எடுக்குறேன்.”

பானெட்டை மூடிவிட்டுத் தள்ளி நிற்பேன்.