கேஸ் மெஷினுக்குள் போன நல்ல பாக்டீரியா

1. புகை வரல மிஸ்

கடையைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, போன் அடித்தது. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் நான் பார்மசிஸ்டாக இருக்கும் கடைக்குக் காலையில் வரும் முதல் போன் பெரும்பாலும் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்றுதான் கேட்கும். அன்று பேசியது தர்மா அண்ணன். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அவர் மனைவி சரசு அக்காவுக்கு நுரையீரல் பலவீனம். சாதாரண சளி பிடித்தாலும் நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

“மிஸ், கேஸ் மெஷின் கெட்டுப்போச்சு போல. புகையே வர மாட்டேங்குது லா.”

எங்கள் பக்கம் கேஸ் மெஷின் என்றால் நெபுலைசர். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி, மாஸ்க் வழியாக மூச்சோடு உள்ளே அனுப்பும்.

“மருந்து எவ்ளோ ஊத்துனீங்க அண்ணே?”

“மருந்து இல்ல மிஸ். நேத்து உங்ககிட்ட நல்ல பாக்டீரியா கேப்சூல் வாங்கினேனே, அதை உடைச்சுத் தண்ணியில கலக்கி ஊத்தினேன்.”

நான் போனிலேயே கத்தினேன்.

“அக்கா மாஸ்க் போட்டிருக்காங்களா? கழட்டச் சொல்லுங்க!”

“இன்னும் போடல. புகை வரட்டும்னு உக்காந்திருக்கா.”

கேப்சூல் மாவு மெஷினை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அடைப்புக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். உயிருள்ள பாக்டீரியாவை நோய்ப்பட்ட நுரையீரலுக்குள் நேராக ஊதினால், அதுவே நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

2. எனக்குத் தெரியாத பாதி

மாலையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். நன்றாகத் திட்டுவதென்று காத்திருந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

“நீங்கதானே மிஸ் சொன்னீங்க? முழுங்குற மாத்திரை உடம்பெல்லாம் சுத்தும், கேஸ் வெச்சா நேரா லங்ஸுக்குப் போகும்னு? இந்தக் கேப்சூலும் லங்ஸுக்குன்னுதானே உங்க கடை போஸ்டர்ல போட்டிருக்கு? வயித்துல போட்டா அங்க எப்படிப் போகும்?”

மூச்சு மருந்துக்காக நான் சொன்னதுதான் அது. அவர் அதை மறக்காமல் வைத்திருக்கிறார், என்ன செய்ய? அந்தப் போஸ்டரை ஒட்டிய கேப்சூல் கம்பெனி சேல்ஸ்மேனிடம் நானும் இதையேதான் கேட்டேன். “அது சயின்ஸ் மிஸ்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

தெரிந்ததைச் சொன்னேன். விழுங்கிய பாக்டீரியா நுரையீரலுக்குப் போக வேண்டியதில்லை. குடல் சுவரில் நம் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாகக் காவலுக்கு நிற்கின்றன. நல்ல பாக்டீரியா அவற்றைப் பழக்குகிறது. அது உண்டாக்கும் சில பொருட்கள் ரத்தத்தில் கலந்து, நுரையீரலில் இருக்கும் காவலையும் உஷார்படுத்தலாம் என்கிறார்கள்.

“அப்ப லங்ஸுல பாக்டீரியாவே இருக்கக் கூடாதா மிஸ்?” என்றார் சரசு அக்கா.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நுரையீரலில் கிருமியே கிடையாது என்று எழுதித்தான் நான் பரீட்சையில் பாஸானேன். இப்போது அங்கேயும் கொஞ்சம் குடியிருக்கிறது, அதிலும் நல்லது உண்டு என்கிறார்கள். மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிகூட நடக்கிறதாம். அப்படியென்றால் அண்ணன் யோசித்தது முழுத்தப்பா, பாதித்தப்பா? எனக்கே தலை சுற்றியது.

“இருக்கும்க்கா. ஆனா எது, எவ்ளோ, யாருக்குன்னு இன்னும் சரியாத் தெரியல. வீட்டுல வெச்சுப் பார்க்கிற வேலை இல்ல இது.”

“சரி, முழுங்கினா எனக்கு வேலை செய்யுமா? போன ரெண்டு தீபாவளியும் வார்டுலயே போச்சு மிஸ்.”

“தெரியலக்கா.”

வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நெஞ்சு டாக்டரைக் கேட்டுவிட்டு விழுங்குங்கள், மற்ற மருந்து எதையும் நிறுத்தாதீர்கள், ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மெஷினுக்குப் புது மாஸ்க்கும் மருந்து ஊற்றும் கப்பும் மாற்றிக் கொடுத்தேன். டாக்டர் பிறகு, விழுங்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றாராம்.

3. தர்மா சொன்ன மாத்திரை

அந்தத் தீபாவளிக்கு அக்கா வீட்டில் இருந்தார். முறுக்கு டப்பாவோடு இருவரும் வந்தார்கள். அண்ணன் கடை நடுவில் நின்று முழங்கினார்.

“அலமாக், எல்லாம் அந்தக் கேப்சூல்தான் மிஸ்! பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒருத்தர் விடாம சொல்லிட்டேன்.”

சொன்னது உண்மைதான். ஏற்கெனவே பலர் வந்து “தர்மா சொன்ன லங்ஸ் மாத்திரை இருக்கா” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சேல்ஸ்மேனோ, தர்மா அண்ணன் படத்தையே போஸ்டரில் போடலாம் என்றான். எனக்கும் பாதி நம்பிக்கை வந்திருந்தது.

அண்ணன் கார் எடுக்கப் போனதும் அக்கா கவுண்டர் மேல் சாய்ந்தார்.

“மிஸ், நான் அதுல ஒண்ணுகூட முழுங்கல. மெஷினை அடைச்ச மாவைப் பார்த்ததுலேர்ந்து பயம். தினம் சிங்க்ல போட்டுருவேன். அவரு சந்தோஷமா இருக்காரு, சொல்லிடாதீங்க.”

அப்படியானால் எது காப்பாற்றியது? ஊசியா? அந்த வருஷம் காட்டுத் தீப் புகைமூட்டம் வராததா? மெஷின் விஷயத்தில் பயந்துபோன அண்ணன் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதை நிறுத்தியதா? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அன்று மாலையே போஸ்டரைக் கழற்றிவிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதைக் கொடுத்தாலும், வீட்டில் அதை எப்படி எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவர் பிழைத்த கதையை வைத்து எதையும் விற்காதீர்கள்.

நேற்றுகூட ஒருவர் வந்து, “தர்மா சொன்ன மாத்திரை, அவர் சம்சாரத்துக்கு நல்லாயிடுச்சாமே?” என்றார்.

“அவங்க நல்லா இருக்காங்க” என்றேன். “மாத்திரையாலயான்னு மட்டும் என்கிட்ட கேட்காதீங்க.”