எந்த விசாரணை?

எங்கள் பக்கத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், இருவர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால், "நீங்க எந்த விசாரணை?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஒரே சாமியாரின் பொறுப்பில் இருக்கும் ஊர்களெல்லாம் சேர்ந்தது ஒரு விசாரணை. எங்கள் ஊர்க் கோயில் கீற்று வேய்ந்த சின்னக் கொட்டகை. சாமியார் இருந்ததோ எட்டு மைல் தள்ளி. அப்படியும் அவருடைய விசாரணையைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு தெம்பு.

எனக்கு இருபது வயதாகும்போது அந்தச் சொல்லாலேயே ஒரு சிக்கல் வந்தது.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் மேட்டில் எங்கள் குடிசை. மனை மிராசுதாருடையது. அம்மா அவருடைய வயலில் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து என்னை வளர்த்தாள். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். பிறகு கூலித் தகராறு வந்தது. தெருவில் சங்கக் கொடி ஏறியது. பண்ணை வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். சில வருடங்கள் மிராசுதாரும் நாங்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த நேரத்தில்தான், குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. தெருவில் எல்லாரும் மனுப் போட்டார்கள். எங்கள் மனுவுக்கு மட்டும் மிராசுதாரின் காரியஸ்தர் ஆட்சேபம் கொடுத்தார். நாங்கள் அறுவடைக்கு வந்து அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள், வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை என்று எழுதியிருந்தார். வெகுகாலமாக அங்கேயே இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நான், புதிதாக வந்திருந்த இளம் சாமியாரிடம் போய் என் ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கி வந்தேன். அப்பா பெயர், விவசாயக் கூலி, வாய்க்கால் மேட்டுத் தெரு, இன்ன விசாரணை என்று அதில் தெளிவாக இருந்தது. கூடவே அவர் ஒரு கடிதமும் கொடுத்தார். அதன் தலைப்பில் 'பங்கு' என்று அச்சிட்டிருந்தது. எல்லா இடத்திலும் தமிழ்ப் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். கோயிலில் ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. விசாரணை பங்கு ஆனது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மனு விசாரணைக்கு வந்த அன்று காலையில், யாரும் எதிர்பாராமல் மிராசுதாரே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். காரியஸ்தர்தான் பேசினார்.

"இந்த நகலப் பாருங்க ஐயா. விசாரணைன்னு எழுதியிருக்கு. அப்பவே இவங்க மேல ஏதோ புகார் வந்து விசாரணை நடந்திருக்கு. இந்தக் கடுதாசியிலயோ பங்குன்னு இருக்கு. நிலத்துலயும் பங்கு கேக்கறாங்களோ என்னமோ."

குமாஸ்தா சிரித்தார். வட்டாட்சியர் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல ஒரு மாதிரி இருக்குதே?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க சார். பழைய பேரு விசாரணை, இப்ப பங்குன்னு மாத்திட்டாங்க," என்றேன்.

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் காரியஸ்தர்.

அவ்வளவு படித்தும் பிரயோசனமில்லையே என்று கண் கலங்கிவிட்டது. அப்போது அம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"போலீசு மட்டுந்தான் விசாரிக்குமா ஐயா? பெரும்புயல் அடிச்ச வருசம் எங்க சாமியாரு இடுப்பளவு தண்ணியில நடந்து வந்தாரு. வீடு வீடா நின்னு, யாரு இருக்கா, யாருக்குக் காய்ச்சல், அடுப்பு எரிஞ்சுதான்னு கேட்டாரு. இவ அப்ப கைக்குழந்த. எங்கள விசாரிக்கறதுக்கு ஒருத்தரு இருக்காருல்ல, அதுக்குப் பேருதாங்க விசாரணை. அன்னிக்கு அவரு நின்ன வாசல்லதான் நாங்க இன்னிக்கும் இருக்கோம்."

வட்டாட்சியர் மிராசுதார் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மிராசுதார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க கோயில்லயும் கட்டளை விசாரணைன்னு உண்டுங்க. எங்கப்பா அதைப் பாத்துக்கிட்டிருந்தாரு. விசாரணைன்னா பொறுப்பா வச்சுப் பாத்துக்கறது. அந்தம்மா சொல்ற அர்த்தம் சரிதான்."

"ஐயா..." என்று காரியஸ்தர் மெல்ல இழுத்தார்.

"சொல்லுக்குத்தான் அர்த்தம் சொன்னேன்," என்றார் மிராசுதார்.

வட்டாட்சியர் விடவில்லை. "சரிங்க. புயல் அடிச்ச வருசம் இவங்க அந்த எடத்துல இருந்தாங்களா?"

மிராசுதார் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலை நிமிராமலே சொன்னார்.

"இருந்தாங்க."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் மேல் அவருக்குப் பிரியம் கிடையாது. அதற்குப் பிறகும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். தன் அப்பா பார்த்த கோயில் காரியத்தின் பேரைச் சொன்ன வாயால் உடனே பொய் சொல்ல வரவில்லையோ என்னவோ. நேரில் கேட்கலாமா என்றபோது அம்மா தடுத்துவிட்டாள். "வேணாம். ஒரு நல்லது சொல்லிட்டாரு, அதோட விட்டுரு."

தை பிறப்பதற்குள், மனை எங்களுக்கே என்று உத்தரவு வந்தது. 'விசாரணை என்பது கிறிஸ்தவ ஆலய நிர்வாகத்தில் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்களின் தொகுதி. தற்போது பங்கு எனப்படுகிறது' என்று வட்டாட்சியர் அதில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

"அடுப்பு எரிஞ்சுதான்னு கேட்டத எழுதலையே," என்றாள்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

"எழுதியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அதுவரை எங்கள் தெருவில் மண்சுவரைத் தவிர வேறு சுவர் எழுப்பப் பண்ணை விட்டதில்லை. எனக்கு வேலை கிடைத்த வருடம் செங்கல் இறக்கினோம். ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் சண்டை. வாய்க்கால் பக்கம் வைத்தால் காற்று வரும் என்றாள் அம்மா. தெருப் பக்கம் வைத்தால் உட்கார்ந்து படிக்க வெளிச்சம் இருக்கும் என்றேன் நான். கொத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்துவிட்டார்.