கழுவி வைத்த தட்டு

எங்கள் பள்ளி விடுதியில் யாருக்குத் தலை வலித்தாலும் வயிறு வலித்தாலும் முதலில் கூப்பிடுவது ஊசியக்காவைத்தான். நர்ஸ் படிப்பு முடித்து, சட்டைப்பையில் தெர்மாமீட்டரோடு நடமாடுபவள். அப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்வாள். "கால் ஒடிஞ்சு போனாலும் அக்கா வாயைக் கொப்பளின்னுதான் சொல்லும்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்யும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இங்கே படிப்பவர்களில் பாதிப் பேர் மலைக்குடிப் பிள்ளைகள். ஊசியக்காவும் அதே மலையில் பிறந்தவள்தான். அங்கிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் பெண். வார்டனம்மாவுக்கு இது அடிக்கடி மறந்துவிடும். அவள் எதிரிலேயே, "இந்த மலைப் புள்ளைங்களுக்கு மேகம் கறுத்தாப் போதும், வீட்டுக்கு ஓடிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயை மூடிக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். டீச்சரின் வீரம் அவ்வளவுதான்.

தன் தங்கையை இங்கே கொண்டுவந்து சேர்க்க ஊசியக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மா பிடிகொடுக்கவே இல்லை. "ஒருத்தியைப் படிக்க அனுப்பிட்டுத் தவிச்சது போதும். இவளாவது எங்கூட இருக்கட்டும்" என்றாளாம். "நான் கூடவே இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?" என்று மன்றாடித்தான் கூட்டிவந்தாள். சின்னவள் கணக்கில் புலி. வாயைத் திறந்துதான் எதையும் கேட்கமாட்டாள். அக்கா அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைத்திருந்தாள். "மலைப் பழக்கம் எதையும் இங்க காட்டாதே. சிரிப்பாங்க."

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த மலையில் காய்ச்சல் கண்டவர் வீட்டில் படுக்கமாட்டார். மற்றவர்களுக்குத் தொற்றிவிடக் கூடாதென்று ஆள் புழங்காத இடமாய்ப் பார்த்து ஒதுங்கிவிடுவார். தன் தட்டை வாசலில் வைப்பார். அதைப் பார்த்தவர் தட்டில் சோறு போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். நர்ஸ் படிக்கப் போன புதிதில் ஊசியக்காவும் மாடிப்படிக்கு அடியில் தட்டை வைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். விடுதியே கூடி நின்று சிரித்ததாம். அன்றோடு அந்தப் பழக்கத்தைத் தலைமுழுகிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை சின்னவளைக் காணவில்லை. "நான் சொல்லல? ஓடிட்டா பாருங்க" என்றார் வார்டனம்மா. ஊசியக்காவும் அதையே நம்பினாள். "என் மானத்தை வாங்கிட்டா டீச்சர். கையோட இழுத்துட்டு வரேன்" என்று பொருமிக்கொண்டே பஸ் ஏறினாள். மலையேறி வீட்டுக்குப் போனால் அங்கே அம்மா மட்டும் இருந்தாள்.

"சின்னவ எங்கம்மா?"

"இங்க வரலையே. காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சா அவளுக்கு?"

முந்தின நாள் தங்கை "தலை வலிக்குதுக்கா" என்றதும், தான் வாய் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பியதும் ஊசியக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடிவாரக் கடைக்கு ஓடிவந்து எனக்கு போன் செய்தாள். "டீச்சர், ஆள் போகாத ரூம் எல்லாத்தையும் திறந்து பாருங்க. வாசல்ல தட்டு இருக்கும் பாருங்க!"

தட்டு எங்கும் இல்லை. பின்கட்டில் பழைய மெத்தைகளைப் போட்டுவைக்கும் அறையைத் திறந்தேன். சின்னவள் சுவரோரம் கிடந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, நினைவில்லை. என் பின்னாலேயே வந்த சமையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, காலைல இந்த வாசல்லதான் ஒரு தட்டு கெடந்துச்சு டீச்சர். எவளோ சாப்பிட்டுப் போட்டுட்டுப் போயிருக்கான்னு திட்டிக்கிட்டே எடுத்துக் கழுவி அடுக்கிட்டேன்." ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். அக்கா வந்து சேருமுன் உயிர் போய்விட்டது.

நானும் சமையல்காரம்மாவும் மலைக்குப் போனோம். எல்லாம் முடிந்த பிறகு, நாங்கள் கொண்டுபோன சின்னவளின் பெட்டியை அம்மா திறந்தாள். சீருடைக்கு அடியில் இருந்த தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசல்ல தட்டு வச்சிருந்தாளா?" என்று பெரிய மகளிடம் கேட்டாள்.

"வச்சிருந்தாம்மா."

"யாராச்சும் சோறு போட்டுக் கூப்பிட்டீங்களா?"

சமையல்காரம்மா என் கையை இறுகப் பற்றினார். ஊசியக்கா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இங்க வந்துட்டிருந்தப்பவே இந்தம்மா தட்டைப் பாத்துட்டாங்கம்மா. சோறு போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. சாப்பிட்டுட்டுத்தான் தூங்கியிருக்கா. தட்டைக் கழுவி வச்சிருக்கா பாரு."

அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, சமையல்காரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.