ஒரு கரண்டி ஏரித் தண்ணீர்

படகில் நைனா, மாமா, நான் இருந்தோம். அம்மா வரவில்லை, உப்பும் வரவில்லை. நைனாவுக்குப் பிரஷர், உப்பு சேர்க்கக் கூடாது என்று மீஞ்சூர் டாக்டர் எழுதியிருந்தார். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். சீட்டைப் படித்துச் சொல்லி, உப்பு டப்பாவை வேண்டுமென்றே விட்டு வந்தேன்.

வலையில் விழுந்த மடவை மீனை, ஏரியில் கடல் தண்ணீர் கலக்கும் பசியாவரம் கரையிலேயே கழுவி, கேன் தண்ணீரில் குழம்பு வைத்தோம். ஒரு வாய் வைத்ததும் மாமா, "இன்னா மாப்ள, ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்றார்.

நான் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.

"உப்பு போடக்கூடாதுன்னுதானே எழுதிக்கீறாரு?" என்ற நைனா, ஏரியில் ஒரு கரண்டி மொண்டு சட்டியில் ஊற்றினார். "நான் எங்கடா உப்பு போட்டேன்? இது தண்ணி."

இருவரும் சட்டியை வழித்துத் தின்றார்கள். மறுநாள் காலை நைனாவுக்குத் தலை சுற்றியது. டாக்டர், மாத்திரை, ஆட்டோ எல்லாம் சேர்த்து எழுநூற்று இருபது ரூபாய்.