அத்தோ கடைக்கு ஒரு பெயர்

வெள்ளிமலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் வறுத்த வெங்காய வாசனை இழுக்கிறது. நிறுத்தத்தை ஒட்டிப் புதிதாக ஒரு பர்மா அத்தோ கடை. கடைக்காரர் நூடுல்ஸையும் முட்டைக்கோஸையும் புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைகிறார். பெயர்ப்பலகை எழுத வந்த பெயிண்டர் பிரஷுடன் ஏணியில் காத்திருக்கிறார். என்ன பெயர் வைப்பது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு.

“ஜெனரல் அத்தோ கடைன்னு எழுதுண்ணா,” என்கிறார் அந்த அம்மா.

அவர் சொல்வது அந்தக் காலத்தில் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த ராணுவ ஜெனரலை.

“எங்கப்பாவோட ரங்கூன் கடைய புடுங்கிக்கினு, கட்டின துணியோட கப்பல் ஏத்தினவன். அவன் பேரு என் கடைக்கா?” என்கிறார் கடைக்காரர்.

“அவன் தொரத்தலன்னா உங்கப்பா இங்க வந்திருப்பாரா? நான் உன்ன எங்கய்யா கட்டிக்கிறது?”

“அதையும் அவன் செஞ்ச கொடுமையில சேத்துக்க.”

பெயிண்டர் சிரிப்பதில் ஏணி ஆடுகிறது.

அந்த அம்மா என் பக்கம் திரும்புகிறார். “நீங்க சொல்லுங்க சார். அவன் நல்லவனா, கெட்டவனா?”

புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. “ரங்கூன் கடைக்கு என்ன பேருங்க?” என்று மட்டும் கேட்கிறேன்.

பிசைகிற கை நிற்கிறது. “மங்களம் ஸ்டோர். எங்கம்மா பேரு.”

“அத்த பேரா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

பெயிண்டர் பலகையில் ‘ம’ போடத் தொடங்குகிறார்.

“அப்ப ஜெனரலுக்கு ஒன்னியும் இல்லியா?” அந்த அம்மா விடுவதாக இல்லை.

கடைக்காரர் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார். “உசுரோட வந்து நின்னா ஒரு தட்டு அத்தோ குடு, உன்ன எனக்குக் கட்டி வச்சதுக்கு. கடைய புடுங்கினதுக்கு, காசு வாங்காம வுடாத.”